மூணு மணிக்கு முன்னாடி ஒரு வாய் தண்ணி

இன்னிக்குப் பெரிய வெள்ளி ஆராதனையில, முன் வரிசைப் பொண்ணு தண்ணி பாட்டிலைத் திறந்தா.

பக்கத்துல இருந்த ஒரு அம்மா முறைச்சாங்க. மூடிட்டா.

எனக்கு எழுபதுகள்ல நாங்க இருந்த கவரைப்பேட்டை ஞாபகம் வந்துது. அங்க எங்க சபையில பெரிய வெள்ளின்னா, இயேசு உயிர்விட்ட மூணு மணி வரைக்கும் பச்சைத் தண்ணி கூடாது. அந்தச் சட்டத்துல ரொம்பக் கறார் எங்க உபதேசியார்தான்.

ஒரு பெரிய வெள்ளி, இயேசு சிலுவையில தாகம்னு சொன்னதைப் பத்திப் பேசிக்கினு இருந்தார். புதுவாயல்லேர்ந்து வெயில்ல நடந்து வந்த மரியக்கா, ஏழு மாசக் கர்ப்பிணி, மயங்கிச் சரிஞ்சாங்க.

பிரசங்கத்தை வுட்டுட்டு, அவரே சொம்போட ஓடியாந்தார்.

"வோணாங்கய்யா, இன்னும் மூணு ஆவல. பாவம்," அக்கா வாயை இறுக்கிக்கினாங்க.

சபையே பார்க்க, அவர் முதல்ல ரெண்டு மடக்கு குடிச்சார்.

"நானே குடிச்சிட்டேன். இப்ப நீ குடிம்மா."

அக்கா அழுதுகினே குடிச்சாங்க.

இன்னிக்கு நானும் என் பாட்டிலைத் திறந்து, சத்தமாவே குடிச்சேன். அந்தப் பொண்ணு திரும்பிப் பார்த்துச் சிரிச்சுட்டு, அவளும் குடிச்சா.

அடுத்து அந்த அம்மா திரும்புனாங்க. திட்டு விழப்போவுதுன்னு நெனச்சேன்.

"மீதி இருக்குதா?"ன்னாங்க.

மணி ரெண்டேகால். உங்க சபையில எப்படிங்க?