மானாப்புல் மலையில் புகை

கொஸ்லந்தவுக்கு மேலே ஒரு வளைவில் பஸ் நிற்கிறது. எதிர் மலை எரிகிறது. புகையில் பாதை தெரியவில்லை என்கிறார் கண்டக்டர். இறங்குகிறேன். கச்சான் காற்று முகத்தைச் சுடுகிறது. அது இந்தப் பக்கம்தான் வீசுகிறது.

பாதையோரச் சரிவில் முழங்கால் உயரத்துக்கு நாவல், மருதங்கன்றுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மூங்கில் குச்சி. பழைய காட்டைத் திரும்பக் கொண்டுவர தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பு ஆட்கள் சேர்ந்து நட்டவை. தீ தாண்டிவிடாதபடி, அவற்றைச் சுற்றி ஒரு பெண் தனியாகப் புல்லைச் செதுக்கிக்கொண்டிருக்கிறார். மம்பட்டி ஓயவேயில்லை.

"யாரு அக்கா தீ வச்சது?"

"எங்க ஆளுகதாங்க. காஞ்ச மானாப்புல்லக் கொளுத்தினாதானே மாட்டுக்கு இளம்புல்லு வரும். வருசா வருசம் செய்றதுதான். இந்த வருசம் வேணாம்னு கோயில்ல வச்சு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க."

சாம்பல் துணுக்கு ஒன்று கன்றின் இலையில் விழுகிறது. ஓடிப்போய்த் தட்டிவிடுகிறார்.

"உங்க வீட்டுக்காரர் உதவிக்கு வரலையா?"

"விடிய மாட்டப் பத்திக்கிட்டு அந்த மலைக்குத்தான் போனாரு." புகையையே பார்க்கிறார். "தேத்தண்ணி வைக்கலாம்னு பார்த்தா, வீட்டுல தீப்பெட்டியக் காணோம்."