கையுறையைக் கழற்றியவர்

மலேசியாவில், சுங்கைப் பட்டாணியில் நான் வேலை பார்க்கும் இரும்புப் பட்டறையில் தினமும் காலையில் எல்லோரும் வரிசையாக நின்று இரண்டு கைகளையும் நீட்டிக் காட்ட வேண்டும். கையுறை போட்டிருக்கிறோமா என்று பார்ப்பார்கள். பள்ளிக்கூடத்தில் நகம் காட்டுகிற பையன்களைப் போல நாற்பது வயதுக்காரர்கள் நிற்போம். வந்த புதிதில் எனக்குச் சிரிப்பு அடங்காது. எங்கள் மேற்பார்வையாளர் சரவணன், இதே கெடா மாநிலத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து இப்போது பக்கத்துப் பாக்கார் ஆராங்கில் குடியிருப்பவர். "சிரிக்காதீங்க லா அண்ணே. விரல் போனா பாசார்லயா வாங்குவீங்க?" என்பார்.

திருச்சிப் பக்கம் நான் கிரேன் ஓட்டிய பட்டறையில் கையுறையைக் கண்ணால் கண்டதில்லை. கிழிந்த பனியன் துணியைச் சுற்றிக்கொள்வோம். ஆனால் அன்றைய முதல் பாரத்தைத் தூக்கும் முன், சங்கிலி மாட்டுகிறவர் அந்தத் துணியையும் அவிழ்த்துவிட்டு, தூக்கப்போகும் இரும்புத் தகட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். யாருக்காவது விரல் நசுங்கினால் 'அவன் நேரம்' என்போம். யார் தப்பு என்று யாரும் கேட்டதில்லை. கேட்காமல் இருந்தது எங்களுக்கும் வசதிதான்.

அந்தப் பழக்கத்தை நானும் முத்துசாமியும் இங்கே கொண்டுவந்தோம். முத்துசாமி லால்குடிக்காரர், பழைய பட்டறையிலிருந்தே என் கூட்டாளி. அவர் சங்கிலி மாட்டுவார். நான் கிரேன் பொத்தானை அழுத்துவேன். சங்கிலி மாட்டுகிறவர் ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சுழற்றினால்தான் தூக்க வேண்டும் என்பது இங்கே விதி. எங்களுக்குள் என்ன விதி? முதல் பாரத்துக்கு அவர் கண்ணில் ஒற்றியதுமே நான் அழுத்திவிடுவேன்.

அன்று அவர் மறந்துபோய்க் கையுறையோடு தொட்டு ஒற்றிக்கொண்டார். நான் அழுத்தினேன். சாமிக்குக் கையுறையோடா என்று அவருக்கு உறுத்தியிருக்கிறது. சட்டென்று கழற்றிவிட்டு மறுபடி தொட்டார். தொய்ந்திருந்த சங்கிலி அந்த விரலையும் சேர்த்துத் தகட்டோடு இறுகிவிட்டது. நடுவிரலில் பாதி போயிற்று. அவர் கத்தவில்லை. நான்தான் கத்தினேன்.

விசாரணைக்கு வந்த பாதுகாப்பு அதிகாரி ஒரு மலாய்க்காரப் பெண்மணி. முத்துசாமி கையுறையை ஏன் கழற்றினார் என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி. தானாகக் கழற்றியது என்று எழுதிவிட்டால் முத்துசாமியை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். மலாய் சரியாக வராததால் நான் கைகூப்பி, தொட்டு, கண்ணில் ஒற்றிக் காட்டினேன். அதிகாரியின் முகம் மாறியது. "தக்குட் கா?" என்றார். பயமா என்று கேட்கிறார்.

சரவணன் என் காதோரம் குனிந்தார். "சங்கிலி பழசு, அதான் பயந்து கும்பிட்டாருன்னு நெனைக்கிறாங்க. ஆமான்னு தலையாட்டுங்க அண்ணே. உங்க ரெண்டு பேருக்கும் நல்லது லா."

சங்கிலியைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டவன் ஒரு நேபாளத்துக்காரன். ஒரு தலையாட்டலில் பழி அவன் தலையில் போய் விழும். பயம் இருந்தது எனக்குத்தான். வேலை போய்விடுமே என்ற பயம்.

"சங்கிலி நல்ல சங்கிலி. அவர் சிக்னல் குடுக்கல. நாந்தான் தூக்கிட்டேன். சொல்லுங்க தம்பி," என்றேன்.

சரவணன் என்னை முறைத்துவிட்டு மலாயில் சொன்னார். அதிகாரி எழுதிக்கொண்டார். கிரேனை என்னிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள். இப்போது துரு தேய்க்கிறேன். கை ஆறியதும் முத்துசாமி வேலைக்கு வரலாம் என்றார்கள். உண்மையைச் சொன்ன கர்வம் எனக்கு இரண்டு நாள் இருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஊரிலிருந்து அவர் மனைவி செல்வி வீடியோவில் கூப்பிட்டாள். முத்துசாமி போனை என்னிடம் தந்தார். "நீ புடி. கை தெரியாமப் புடி."

"என்னங்க, செவுரு வெள்ளையா இருக்கு?"

"ரூமுக்குப் பெயின்ட் அடிச்சிருக்காங்க," என்று சிரித்தார்.

பிறகு அவள் என்னைக் கேட்டாள். போனைத் திருப்பினேன். "அண்ணே, கிரேன்ல நீங்க இருக்கீங்கன்னுதான் நான் நிம்மதியாத் தூங்குறேன். அவர நல்லாப் பாத்துக்குங்கண்ணே."

யாரென்றே தெரியாத அதிகாரிப் பெண்ணிடம் சொல்ல முடிந்ததைத் தங்கையாக நினைப்பவளிடம் சொல்ல வாய் வரவில்லை. "சரிம்மா," என்று மறுபடி அவர் பக்கம் திருப்பினேன். போன் வழியே அவர் முகம் லால்குடி வீட்டில் சிரித்துக்கொண்டிருந்தது. கட்டுப்போட்ட கை இங்கே என் மடியில் கிடந்தது.