இழைப்புளிக்கு ஒரு பித்தளை நட்டு

திட்டியிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்தக் கல்லுளிமங்கன் ஒரு வார்த்தை திட்டவில்லை.

தையற்காரி செய்தது இவ்வளவுதான். தச்சரான அவள் கணவர் தன் பழைய இரும்பு இழைப்புளியைக் கழற்றி எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தவர், யாரோ கூப்பிட்டார்கள் என்று வெளியே போனார். பட்டறை குப்பையாகக் கிடக்கிறதே என்று இவள் மரச்சுருளையெல்லாம் கூட்டி மூட்டை கட்டிக் கோழிப்பண்ணைத் தரையில் பரப்பக் கொடுத்தனுப்பினாள். மூட்டையோடு ஒரு பித்தளை நட்டும் போய்விட்டது. அலகை ஏற்றி இறக்குகிற நட்டு. அது இல்லாவிட்டால் இழைப்புளி வெறும் இரும்புக் கட்டைதான்.

"போச்சா?" என்று கேட்டார்.

"போச்சுங்க" என்றாள்.

"ம்" என்றார். அதோடு சரி, இரண்டு மாதமாக அந்த "ம்"தான். வேறு இரண்டு இழைப்புளி இருந்தும் தொடவில்லை. பாதி முடிந்த ஜன்னல்கள் பட்டறையில் சாய்ந்து நின்றன. காலையில் அவளுடைய தையல் மெஷினுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் சாப்பிடத்தான் எழுந்திருப்பார். எதிரே ஒருவர் உம்மென்று பார்த்துக்கொண்டிருந்தால் எந்தக் காலர் நேராக வரும்? அதுவும் வாய்க்கு வாய் வம்பிழுத்த மனிதர். அந்த வாயைத் திறக்க வைக்காமல் விடுவதில்லை என்று அவள் கிளம்பினாள்.

முதலில் கோழிப்பண்ணை. பெரிய காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டிக் கொட்டகை முழுக்க இழுத்தாள். ஆணி வந்தது, கம்பித் துண்டு வந்தது, நட்டு வரவில்லை. அரை நாள் வேடிக்கை பார்த்துவிட்டுப் பண்ணைக்காரர், "பித்தளை காந்தத்துல ஒட்டாதேக்கா" என்றார்.

"இத காலையிலயே சொல்றதுக்கென்ன?"

"நீங்க ஆணி பொறுக்குறீங்கன்னு நெனச்சேன். கோழிங்க காலுக்கு நல்லதுதானே."

அடுத்து இரும்புக் கடைகள். எந்தக் கடை நட்டும் ஒரு சுற்றுகூட ஏறவில்லை. ஏழாவது கடையில்தான் ஒருவர் இழைப்புளியை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "இது எதிர்ப்பக்கம் சுத்துற மரைம்மா. சாதாரண நட்டு ஜென்மத்துக்கும் ஏறாது." பழைய சாமான் கடைக்காரரோ முழு இழைப்புளியாக வாங்கினால்தான் தருவேன் என்றார். தொலையட்டும் என்று வாங்கினாள். அதிலிருந்த நட்டு மயிரிழை பெரிது. லொடலொட என்று ஆடியது.

கடைசியில் லேத்துக்காரரிடம் போய், எதிர்ப்பக்கம், எதிர்ப்பக்கம் என்று மூன்று தடவை சொல்லி, நட்டு கடைய இழைப்புளியைக் கொடுத்தாள். அவர் வழக்கமான பக்கமே கடைந்து வைத்திருந்தார்.

"நீ தெரியாம சொல்றேன்னு நெனச்சேன் தங்கச்சி."

மறுபடியும் நட்டைப் போட்டுக் காட்டி விளக்கினாள். நன்றாகத் தலையாட்டினார். அடுத்த வாரம் போனால் முகமெல்லாம் சிரிப்பு. "பழைய திருகாணியையே பிடுங்கிப் போட்டுட்டேன். இப்ப ஆணி, நட்டு ரெண்டுமே சாதாரண மரை. இனிமே எந்தக் கடையிலயும் நட்டு கெடைக்கும், கவலையே இல்ல."

"ஐயோ அண்ணே, அப்ப அலகு தலைகீழால்ல போகும்!"

"போனா என்ன? போகுதுல்ல?"

தலையில் அடித்துக்கொள்ளக்கூட அவளுக்குத் தெம்பில்லை. நட்டைத் தொலைத்தது போதாதென்று இப்போது இழைப்புளியையே கெடுத்தாகிவிட்டது. வீட்டுக்கு வந்து அதைக் கணவர் மடியில் வைத்தாள். அவர் எழுந்து பட்டறைக்குப் போனார். இவளும் பின்னாலேயே போனாள்.

ஒரு பலகையில் வைத்துத் தள்ளினார். அலகு கொஞ்சம் அதிகமாகக் கடித்தது. அதை உள்ளே இழுக்க, கை பழகிய பக்கமே நட்டைத் திருகிவிட்டு மறுபடி தள்ளினார். கரக்கென்று பலகையில் ஒரு குழி விழுந்தது. 

அவர் குழியைப் பார்த்தார். நட்டைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார்.

"நான் ஒரு பக்கம் திருப்புனா இது எதிர்ப்பக்கம் போகுது" என்றார். "போகட்டும். இருபத்திரண்டு வருஷமா ஒருத்தியோட பழகலையா? இதோடயும் பழகிக்கிறேன்."

அவளுக்கு அழுகைதான் வந்தது. மரச்சுருள் மேலேயே உட்கார்ந்து அழுது தீர்த்தாள். பிறகு முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "யாரு எதிர்ப்பக்கம் போறது? நானா, நீங்களா?" என்று ஆரம்பித்தாள். இத்தனை நாள் பாக்கியையும் சேர்த்து இருவரும் மத்தியானம் வரை சண்டை போட்டார்கள்.