கொலைக்கு வீடு தேடியவள்

உங்கள் வீட்டில் ஒரு கொலை செய்துகொள்ளலாமா என்று முன்பின் தெரியாதவர்களிடம் கேட்பதுதான் என் தொழில்.

பயப்படாதீர்கள். தொலைக்காட்சியில் வாராவாரம் ஓடும் ஒரு போலீஸ் துப்பறியும் டிராமாவுக்கு இடம் பிடித்துக் கொடுப்பவள் நான். வாரம் ஒரு கொலை, கொலைக்கு ஒரு வீடு. காப்புறுதி விற்பவர்களே, வாட்டர் பில்டர் விற்பவர்களே, ஒவ்வொரு கேட்டாக நின்று மணியடித்து, நாய் குரைக்க, "வேணாம்மா" என்ற சொல்லை வாங்கிக்கொண்டு திரும்புகிற அத்தனை பேருமே, உங்களுக்கு என் கதை புரியும். அப்படியும் சிலர் கதவைத் திறந்தார்கள். அவர்களுக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தலை எந்தப் பக்கம்?

முதல் கொலை பிரிக்பீல்ட்ஸில், ஒரு பழைய அடுக்குமாடி வீட்டில். வீட்டுக்கார ஆன்டி தனியாக இருப்பவர். கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி, வெள்ளிக்கிழமை மட்டும் வேணாம்" என்று சொல்லி ஒத்துக்கொண்டார். சனிக்கிழமை காலையில் பிணமாக நடிக்க வந்த தம்பி ஹாலில் படுத்தான். சட்டையெல்லாம் சாயம் பூசி, கேமராவை வைத்து, விளக்கைச் சரிசெய்து முடிக்கவே வெகுநேரம் ஆனது. டைரக்டர் 'ஆக்‌ஷன்' என்று வாயைத் திறந்த நேரம் பார்த்து ஆன்டி உள்ளிருந்து ஓடி வந்தார். பையன் வடக்கே தலை வைத்துப் படுத்திருக்கிறானாம், உடனே திருப்பிப் படுக்கச் சொன்னார்.

டைரக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். திருப்பினால் விளக்கு, கேமரா எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். பிணம் எப்படிப் படுத்தால் என்ன ஆன்டி என்று கெஞ்சிப் பார்த்தார். ஆன்டி அசையவில்லை. "செத்தவன் மாதிரி நடிக்கட்டும், நான் வேணாங்கல. ஆனா வேலை முடிஞ்சி எந்திரிச்சி அவங்க அம்மாகிட்ட போகணும்ல அந்தப் பையன்!"

எல்லாவற்றையும் திருப்பினோம்.

மல்லிகா அக்காவின் நிபந்தனை

கொலை நடக்கும் வீடு வாரத்துக்கு வாரம் மாறும். ஆனால் கதையில் வரும் இன்ஸ்பெக்டருக்கென்று ஒரு வீடு வேண்டும், அது மாறக் கூடாது. கிள்ளானில் ஒரு தாமான் குடியிருப்பில் அதைக் கண்டுபிடித்தேன். பச்சைக் கேட், வாசலில் மீன் தொட்டி, ஹாலில் பெரிய ஊஞ்சல். மல்லிகா அக்காவின் வீடு. அவர் கணவர் பாலன் அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், இதயக் கோளாறால் வேலையை விட்டுவிட்டு, ஆபரேஷன் தேதிக்காகக் காத்திருந்தார்.

அண்ணனுக்குப் பொழுது போகும் என்றுதான் அக்கா சம்மதித்தார். கூட்டமும் சத்தமும் வந்ததில் அண்ணனும் குஷியாகிவிட்டார். இன்ஸ்பெக்டருக்குத் தொப்பி போடக்கூடச் சொல்லிக் கொடுப்பார். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் அக்கா என்னை மட்டும் சமையலறைக்குக் கூப்பிட்டார். "எத்தனை நாள் வேணும்னாலும் வந்து எடுத்துக்கோங்க வாணி. ஒண்ணே ஒண்ணுதான். என் வீட்டுல யாரும் சாகக் கூடாது."

நான் அக்காவின் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் வீட்டில் யார் சாகப் போகிறார்கள் என்ற தைரியம்தான்.

தண்ணீர்ப் பெட்டி

பெட்டாலிங் ஜெயாவில் ஒரு வாரம் சாவு வீட்டுக் காட்சி. வாசலில் கெமா பந்தல் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பரப்பினோம். நம் ஊரில் வீட்டு முன்னால் கெமா முளைத்தால் ஒன்று கல்யாணம், இல்லையென்றால் சாவு. அழுகைச் சத்தம் வேறு கேட்டதால் தெருவே முடிவு செய்துவிட்டது. பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் முக்காடு போட்டுக்கொண்டு வந்து, வீட்டுக்காரம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். எதிர்வீட்டுச் சீன அங்கிள் ஒரு பெட்டி மினரல் வாட்டரைத் தோளில் சுமந்து வந்து வைத்துவிட்டு, கேமராவுக்கு நேர் எதிரே ஒரு நாற்காலியில் தலைகுனிந்து உட்கார்ந்தார்.

அங்கிளிடம் டிராமா என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். எனக்கு அவமானமாக இருந்தது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெட்டியைத் திருப்பிக் கொடுத்தபோது வாங்க மறுத்து, மலாயில் அவர் சொன்னதை, இங்கே எல்லாரும் பேச்சில் ஒட்டுகிற 'லா'வை மட்டும் அப்படியே விட்டு, தமிழில் தருகிறேன்: "தண்ணிதானே லா. உயிரோட இருக்கிறவங்களும் குடிக்கலாம்."

மருமகன்

கிள்ளான் லிட்டில் இந்தியாவில் பூக்கடை வைத்திருக்கும் அக்கா எங்கள் டிராமாவை ஒரு வாரம்கூட விடமாட்டார். இன்ஸ்பெக்டராக நடிப்பவர் ஒருநாள் பூமாலை வாங்கப் போக, அக்கா பூவைக் கட்டாமல் வழக்கை எடுத்துக்கொண்டார். இரண்டு வாரம் ஓடிய ஒரு கதையில், செத்தவரின் மருமகனைப் போன வாரம் ஏன் விசாரிக்காமல் விட்டீர்கள் என்று ஒரே சண்டை. அவன்மேல் சாட்சியே இல்லையே அக்கா என்று அவரும் நிஜ இன்ஸ்பெக்டர் மாதிரி பதில் சொன்னார். "சாட்சி எதுக்கு பாஸ்? பொண்டாட்டி சோறு போடும்போது போனையே பாத்துக்கிட்டுத் தின்னான்ல, அவன் எதையும் செய்வான்!"

அக்கா சொன்னது சரிதான். அடுத்த வாரம் பிடிபட்டது மருமகனேதான்.

கடைசி எபிசோட்

கடைசி எபிசோடுக்கு என்ன தோன்றியதோ, டைரக்டர் கதையை மாற்றிவிட்டார். இன்ஸ்பெக்டரின் அப்பா மாரடைப்பில் இறக்க வேண்டும். எங்கே? அதே வீட்டில், அதே ஊஞ்சலில். பாலன் அண்ணனை மருத்துவமனையில் சேர்த்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

வேறு வழியில்லாமல் கிள்ளானுக்குப் போனேன். அக்கா கோப்பி கலக்கிக் கொடுத்தார். நான் கோப்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என்ன, யாராச்சும் சாகணுமா?" என்று அவரே கேட்டார். ஆமாம் என்றேன். முடியாது என்றால் உன் வேலை போய்விடுமா என்று கேட்டார். தெரியவில்லை என்றேன், அதுதான் உண்மை. அக்கா எழுந்து வாசல் மீன் தொட்டியில் தீனி போட்டார். கோபப்பட்டிருந்தால்கூட எனக்குத் தேவலாம் போலிருந்தது. "அவரு நல்லபடியா வீட்டுக்கு வரட்டும் வாணி. வந்த பிறகு யாரை வேணும்னாலும் கொல்லுங்க. இப்ப மட்டும் வேணாம்மா."

போதும் லா

வாக்குக் கொடுத்துவிட்டேன், அந்த வீட்டில் சாவு எடுக்க முடியாது என்று டைரக்டரிடம் சொன்னேன். வீட்டைப் பிடிப்பது உன் வேலை, வாக்குக் கொடுப்பது உன் வேலை இல்லை என்று குதித்தார். அப்படியென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நானும் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் கார் தவணை ஞாபகத்துக்கு வந்தது.

கதை எழுதும் செல்வம் அண்ணன் ஓரமாக உட்கார்ந்து நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதிகம் பேசமாட்டார். அன்று இலையை மடித்து வைத்துவிட்டுப் பேசினார். "அப்பா பொழைச்சி வீட்டுக்கு வரட்டுமே. இது வரைக்கும் கொன்னது போதும் லா!"

ஆரத்தி

செல்வம் அண்ணன் அப்படியே எழுதினார், டைரக்டரும் முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். அப்பா மருத்துவமனையிலிருந்து திரும்புகிறார், வாசலில் அம்மா ஆரத்தி எடுக்கிறார். படப்பிடிப்பன்று அம்மாவாக நடிப்பவர் நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டார். வானமோ இருட்டிக்கொண்டு வந்தது. கை மட்டும் தெரிந்தால் போதும், யாராவது தட்டைப் பிடியுங்கள் என்று டைரக்டர் கத்தினார். மல்லிகா அக்கா உள்ளே போய் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்துத் தட்டோடு வந்தார்.

கேட்டுக்கு வெளியே அப்பாவாக நின்ற நடிகருக்கு அக்கா சுற்றினார். டைரக்டர் 'கட்' சொன்னார். அக்கா நிறுத்தவில்லை. சுற்றி முடித்து, நெற்றியில் பொட்டு வைத்து, தண்ணீரைத் தெருவில் ஊற்றிவிட்டுத்தான் நிமிர்ந்தார். அதுவரை நடிகரும் நகரவில்லை. மறுநாள்தான் அண்ணனுக்கு ஆபரேஷன்.

அண்ணன் வீடு திரும்பிய அன்று நானும் போயிருந்தேன். மெலிந்து, ஒரு தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு காரிலிருந்து இறங்கினார். இறங்கியதும் கேமரா எங்கே என்று கேட்டார். அக்கா அதே தட்டோடு பச்சைக் கேட்டருகே நின்றிருந்தார். அன்று எடுத்த ஆரத்தியே பலித்துவிட்டதே அக்கா என்றேன். அழுதுகொண்டே சிரித்தார். "அன்னைக்கி எடுத்தது ரிகர்சல் லா. இதான் டேக்!"

அண்ணன் வந்த பிறகு யாரை வேண்டுமானாலும் கொல்லலாம் என்று அக்கா கொடுத்த அனுமதி இன்னும் அப்படியே இருக்கிறது, ஆனால் அந்த வீட்டில் ஒரு கொசுவை அடிக்கக்கூட எனக்குக் கை வரமாட்டேன் என்கிறது.