சந்தனப் பொட்டும் இரண்டு பிஸ்டல்களும்

அந்தப் புரட்டாசி மாதம் முழுவதும் என் தலைக்குள் இரண்டு பிஸ்டல்கள்தாம் இருந்தன. மகளுக்குச் சோறு ஊட்டும்போதும், குழாயடியில் குடம் நிரம்பக் காத்திருக்கும்போதும் ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

எண்பதுகளின் கடைசி அது. கணவருக்குப் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை, ஆவடியில் குவார்ட்டர்ஸ். கல்லூரியில் என்.சி.சி.யில் ரைபிள் சுட்டுப் பழகியிருந்த நான், கல்யாணத்துக்குப் பிறகு அங்கிருந்த துப்பாக்கி சுடும் சங்கத்தில் சேர்ந்து பிஸ்டலுக்கு மாறியிருந்தேன். காகித அட்டையைக் குறி பார்த்துச் சுடும் விளையாட்டு. பிஸ்டல் எப்போதும் சங்கத்தின் இரும்புப் பெட்டியில்தான் இருக்கும், வீட்டுக்கு வராது. அப்படியிருந்தும், சுட்டுவிட்டு வந்தால் சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவி, புடவையும் மாற்றிய பிறகுதான் மகளைத் தூக்குவேன். ஈயப் புகை குழந்தைக்கு ஆகாது என்று எங்கோ படித்திருந்தேன்.

சங்கத்தில் இருந்த ஒரே பிஸ்டல் தேய்ந்துபோய் அந்த ஆடியில் விரிசல் விட்டது. ஊர் மாறிப் போகும் ஓர் உறுப்பினர் தன்னிடமிருந்த இரண்டில் ஒன்றைச் சங்கத்துக்குத் தர முன்வந்தார். இரண்டும் வெளிநாட்டில் செய்தவை, ஒரே சிறிய தோட்டாவைச் சுடுபவை. லைசென்ஸ் ஒன்றுக்குத்தான் கிடைத்தது. அதை விட்டால் அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

சங்கச் செயலாளர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். என்னைக் கூப்பிட்டார்.

"மார்கழி மாநிலப் போட்டிக்கு நம்ம சங்கத்துல இருந்து பிஸ்டல் சுடப் போறது நீங்க ஒருத்தர்தாம்மா. அதனால நீங்களே பாத்துச் சொல்லுங்க. விஜயதசமி அன்னிக்கு ரெண்டையும் கடைசியா ஒரு தடவை சுட்டுட்டு முடிவு பண்ணிடலாம். ஆனா சொன்ன பிறகு மாத்த முடியாது."

கடைசி வாக்கியம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. புடவைக்கு ரவிக்கைத் துணி எடுத்துவிட்டுக் கடைக்குத் திரும்பிப் போய் மாற்றி வருகிறவள் நான்.

நான் அவற்றுக்கு ஒல்லி, கட்டை என்று பேர் வைத்தேன்; சங்கத்திலும் அதுவே நிலைத்துவிட்டது. ஒல்லி அழகு. அதன் மரப்பிடி என் உள்ளங்கைக்கென்றே செதுக்கியதுபோல உட்காரும். விசையை இழுப்பது தெரியாது; நினைத்தால் சுடும். கட்டை கனமானது, கறுப்பு, விளிம்புகள் மழுங்கியது. பிடி அகலம். விசையில் ஒரு சிறு தயக்கம் இருக்கும். அதைக் கடந்தால்தான் சுடும்.

சங்கத்தில் எல்லோரும் ஒல்லியின் பக்கம். அதிகம் பேசியவர் பூந்தமல்லி அண்ணன். பரம்பரையாக நெல் விளைவித்த குடும்பம். அப்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பம்புசெட் ரிப்பேர் பட்டறை வைத்திருந்தார்.

"இன்னாம்மா, பொண்ணு பாக்க வந்தா மாறி ரெண்டையும் மொறச்சு மொறச்சுப் பாத்துகினு கீறே? ஒல்லிய எடு. கட்டை இன்னா, தண்ணி பம்பு மாறி கீது."

"பம்பு உங்களுக்குப் பிடிச்ச சாமான்தானேண்ணா?"

"அது சோறு போடுது, இல்லேங்கல. அதுக்காவ அத்தத் தூக்கிப் புட்சிகினு சுட முடியுமா?"

எனக்கும் ஒல்லி மேல்தான் ஆசை. ஆனால் ஒரு பயம் இருந்தது. எங்கள் தோட்டாவில் தீப்பற்றும் மருந்து அடிப்பக்கத்து விளிம்புக்குள் இருக்கும். பிஸ்டலின் ஊசி அந்த விளிம்பில் சரியாக அடிக்க வேண்டும். அடித்ததும் காலி உறை வெளியே தெறித்து அடுத்த தோட்டா உள்ளே வர வேண்டும். எங்களுக்குக் கிடைத்த தோட்டாக்களில் மெழுகும் அதிகம், கரியும் அதிகம். ஒல்லி அதை அவ்வப்போது முகம் சுளித்துத்தான் ஏற்றுக்கொள்ளும். உறை பாதியில் மாட்டிக்கொண்டு நிற்கும். பொறுப்பாளர் வரும்வரை மறு கையை உயர்த்திக் காத்திருந்து, சரிசெய்து, மறுபடி மூச்சைப் பிடிக்க வேண்டும்.

எனக்கு அதற்கு நேரம் இல்லை. வாரத்தில் மூன்று காலை, ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம் மகள் எதிர்வீட்டு அக்காவிடம் இருப்பாள். அக்கா திருநெல்வேலிக்காரர்.

"பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன், நீ போய் டப்பு டப்புன்னு சுட்டுட்டு வா" என்பார்.

பிஸ்டல் ஓடிக்கொண்டிருக்கும்வரை நான் அட்டையைப் பார்ப்பேன். அது நின்ற நொடியில் மனம் குவார்ட்டர்ஸுக்குப் போய்விடும். அழுகிறாளோ, மாடிப்படியில் ஏறிவிட்டாளோ, அக்கா அடுப்பில் பால் வைத்திருப்பாரோ. போன மனம் திரும்பி வருவதற்குள் நேரம் முடிந்துவிடும்.

கணவரிடம் கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "மெஷின் வாங்கும்போது நாங்க ஒண்ணுதான் பாப்போம். கெட்டுப்போனா இங்க யார் சரி பண்ணுவா?"

மவுண்ட் ரோட்டில் ஒரு துப்பாக்கிக் கடையில் விசாரித்தோம். கட்டைக்கு இருப்பது சாதாரணச் சுருள் ஸ்பிரிங், உடைந்தால் மாற்றித் தரலாம் என்றார்கள். ஒல்லியின் வளைந்த தகட்டு ஸ்பிரிங்கைப் பற்றிக் கேட்டதற்கு, அது இங்கே ஏது என்று கடைக்காரர் சிரித்தார். கட்டைதான் என்று முடிவு செய்து வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலை ஒல்லியைக் கையில் எடுத்தேன். முடிவு போய்விட்டது.

ஆயுத பூஜை வந்தது. சங்கத்தில் பூஜை பூந்தமல்லி அண்ணனின் பொறுப்பு. டிராக்டருக்கும் லேத்துக்கும் பூசுகிற கை அது. ரைபிள்களை வரிசையாகச் சாய்த்து, நடுவில் இரண்டு பிஸ்டல்களையும் வைத்து, சந்தனத்தைக் குழைத்து மூன்று விரலால் தாராளமாக இழுத்துவிட்டு, மேலே குங்குமம் வைத்தார். பொரி, சுண்டல், பூசணிக்காய் எல்லாம் முறையாக நடந்தன. பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் வரை தொடக்கூடாது. யாரும் தொடவில்லை. இரவெல்லாம் சந்தனம் காய்ந்தது.

விஜயதசமி காலையில் மகளுக்கு எழுத்தறிவித்தோம். தாம்பாளத்தில் பரப்பிய பச்சரிசியில் அவள் விரலைப் பிடித்து 'அ' எழுதவைத்தேன். சுழிக்குப் பதில் அரிசியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். இந்த நாளில் குழந்தையை விட்டுவிட்டுத் துப்பாக்கி எடுக்கப் போகிறோமே என்று வாசலில் நின்றேன்.

"நல்ல நாள்லதான் எடுத்த காரியத்தத் தொடங்கணும். அவளும் தொடங்கிட்டா, நீயும் போ" என்று அக்கா மகளை இடுப்பில் வாங்கிக்கொண்டார்.

ரேஞ்சில் பூந்தமல்லி அண்ணன் இரண்டையும் துணியால் துடைத்து வைத்திருந்தார். செயலாளர் குழாய்க்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்து ஒல்லியைக் கொடுத்தார். முதல் குண்டு நடு வட்டத்தில். இரண்டாவதற்கு விசையை இழுத்தேன்; ஒன்றுமில்லை. காலி உறை பாதியில் நட்டுக்கொண்டு நின்றது. எடுத்துவிட்டு மறுபடி சுட்டேன். மறுபடி நின்றது. செயலாளர் கழற்றிப் பார்த்தார். முன்னும் பின்னும் ஓடும் மேல்பகுதியின் பள்ளத்தில் மஞ்சளாகச் சந்தனம், மாவாகக் காய்ந்திருந்தது.

"யாருய்யா இது, பிஸ்டலுக்குக் கல்யாணம் பண்ணி வச்சது?"

"சார், சாமி காரியம். தொடச்சுட்டுத்தான் வச்சேன்" என்றார் அண்ணன்.

கட்டையைக் கொடுத்தார்கள். அதன் மேலும் அதே கை, அதே சந்தனம். கழற்றாமலே சுட்டேன். ஐந்து குண்டும் ஓடின. காலி உறைகள் சந்தனத் துகளோடு தெறித்து விழுந்தன. வட்டத்துக்குள்தான் எல்லாம், ஆனால் ஒல்லி போடுவதுபோல நெருக்கமாக இல்லை.

"இது நாயமில்ல. அத்த சுத்தம் பண்ணிட்டு இன்னொரு தபா சுடச் சொல்லுங்க" என்றார் அண்ணன்.

அவர் சொன்னது சரிதான். மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் போட்டுச் சுத்தம் செய்து, எண்ணெய் தடவிக் கொடுத்தார்கள். ஒல்லி ஐந்தையும் ஒரு காசு அளவு இடத்தில் போட்டது. எல்லோரும் அட்டையைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"பாத்தியா? இத்தப் போயி வேணாம்பியா? சந்தனம்தானேம்மா தப்பு, பிஸ்டல் இன்னா பண்ணும்?"

ஒரு நிமிஷம் அந்த ஐந்து ஓட்டைகளையே பார்த்தேன். பிறகு என் வாயிலிருந்து வந்தது எனக்கே புதிதாக இருந்தது.

"அண்ணா, அடுத்த வருஷமும் ஆயுத பூஜை வரும். நீங்கதான் சந்தனம் வைப்பீங்க. ஐப்பசி மழை வரும். இதே தோட்டாதான் கிடைக்கும். வாங்கற பிஸ்டல் இதுக்கெல்லாம் நடுவுல நம்ம ஊர்லதான் இருந்தாகணும். எனக்குக் கட்டை போதும்."

"அதுல குண்டு நெருக்கமா விழலையேம்மா" என்றார் செயலாளர்.

"அது என் கை, சார். பழகிச் சரி பண்ணிடுவேன். நின்னுபோற பிஸ்டலை என்னால சரி பண்ண முடியாது."

அன்றே கையெழுத்தானது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தப்பு செய்துவிட்டேனோ என்றே நினைத்தேன். ஆனால் திரும்பிப் போகவில்லை. மறுவாரம் முதல் அந்த ஒரு மணி நேரம் முழுவதும் கட்டைக்கே. விசையின் தயக்கம் எந்த இடத்தில் வரும் என்று விரலுக்குத் தெரியும்வரை சுட்டேன். அகலப் பிடியால் கட்டைவிரலடியில் தோல் உரிந்து, பிறகு காய்த்தது.

மார்கழிப் போட்டியன்று தூறல். வேகச் சுற்றில் அட்டை மூன்று நொடி முகம் காட்டித் திரும்பிக்கொள்ளும். அதற்குள் ஒரு குண்டு. கட்டை ஒருமுறைகூட நிற்கவில்லை. நிற்காததால் நானும் எங்கேயும் போகவில்லை. கடைசிக் குண்டுவரை அட்டையின் முன்னாலேயே இருந்தேன். பதக்கம் வரவில்லை. மாநில அணியின் கடைசி இடம் வந்தது. ஒல்லியாக இருந்தால் பதக்கமே வந்திருக்குமோ என்று பஸ்ஸில் ஒருமுறை தோன்றியது. தோன்றட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த ஆயுத பூஜைக்கு மகளையும் கூட்டிப்போனேன். பூந்தமல்லி அண்ணன் சந்தனக் கிண்ணத்தோடு கட்டையின் முன்னால் குந்தியிருந்தார். இந்த முறை ஒரே விரலில், மிளகளவு சந்தனம்.

"எங்க வைக்கட்டும்மா? பயமா கீது."

"எங்க வேணும்னாலும் வைங்கண்ணா," என்றேன். "நல்லாவே பூசுங்க."