ஒடீலியாவின் ரப்பர் செருப்பு

ஒடீலியா இருபத்தாறு வருடம் தொலைக்காட்சித் தொடர்களில் அடிமையாக நடித்தவள். பண்ணை முதலாளியின் சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் தட்டோடு நிற்கும் கறுப்புப் பெண் என்றால் ரியோவில் பாதிப் பேருக்கு முகம் தெரியும்; பெயர் தெரியாது. வசனம் ஒன்றுகூட அவளுக்குக் கொடுத்ததில்லை. நான் அதே படப்பிடிப்பு நிலையத்தில் உடுப்புப் பிரிவு. பக்கத்து வீடு வேறு. அவள் மகள் தயீசாவுக்கு நான்தான் ஞானத்தாய்.

அந்தத் தயீசா கறுப்பர் உரிமை இயக்கத்தில் சேர்ந்தாள். ஒருநாள் அம்மாவிடம், "உன் கொள்ளுப்பாட்டி சவுக்கடி வாங்கினது போதாதா? அதையே நீ தினம் நடிச்சுக் காட்டணுமா?" என்று கேட்டுவிட்டுப் போனவள்தான், நான்கு வருடம் வாசலை மிதிக்கவில்லை. இயக்கம் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. கறுப்பர்கள் எங்களைத் தட்டேந்தத்தானே வைத்தார்கள்? ஆனால் அந்தத் தட்டுதான் தயீசாவைப் படிக்க வைத்தது. இதைச் சொல்லலாமென்று வாயெடுத்தால் ஒடீலியா என்னை அடக்கிவிடுவாள். ஞாயிறு தவறாமல் மகளுக்குப் பிடித்த சோளக் கேக் சுடுவாள். வருகிறாளா என்று சாயங்காலம்வரை பார்த்துவிட்டு என் வீட்டுக்குக் கொண்டுவருவாள்.

அந்தக் காலத்தில் அடிமைகளுக்குக் காலணி கிடையாது. விடுதலை கிடைத்தவன் முதலில் வாங்கியதே காலணிதான். ஆகவே கேமரா ஓடுமுன் அடிமை வேஷம் போட்ட எல்லோர் செருப்பையும் கூடையில் வாங்கி வைப்பது என் வேலை. அன்று ஏ.சி. குளிரில் தரை ஐஸ்கட்டி. ஒடீலியாவுக்கோ குதிகாலில் உயிர்போகிற வலி.

"கடைசி நிமிஷம் வரைக்கும் போட்டுக்கறேன்டி," என்றாள்.

சரி என்று விட்டேன். பிறகு இரண்டு பேருமே மறந்து தொலைத்தோம். ரப்பர் செருப்போடு அவள் சூப் பரிமாறியது அப்படியே ஒளிபரப்பாகிவிட்டது.

நாடே சிரித்தது. எனக்குச் செம திட்டு. ஆனால் இரண்டே நாளில் யாரோ அவளை 'செருப்பைக் கழற்ற மறுத்த பெண்' என்று எழுத, அந்தப் படம் இயக்கத்தின் ஊர்வலத் தட்டிகளில் ஏறியது.

மறுநாள் காலை நான் ஒடீலியா வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"அம்மா... வேணும்னேதான் போட்டுக்கிட்டியா?"

ஒடீலியா என்னைப் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உண்மையைச் சொல்லு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"ஆமாடா கண்ணு," என்றாள். "வேணும்னேதான்."

இப்போது தயீசா ஞாயிறுதோறும் வருகிறாள், தோழிகளோடு. "அந்தக் கதையைச் சொல்லும்மா" என்பாள். வாரத்துக்கு வாரம் கதை நீள்கிறது. இயக்குநர் கத்துகிறார், மிரட்டுகிறார், இவள் அசையவில்லை. தோழிகள் கை தட்டுகிறார்கள். நான் கேக்கை மென்றுகொண்டு தலையாட்டுகிறேன். அவர்கள் போனதும் வீடு முன்பைவிட வெறிச்சென்று ஆகிவிடுகிறது. வந்தவள் தன்னைப் பார்க்க வரவில்லை என்று ஒடீலியாவுக்குத் தெரியும்.

போன மாதம் குதிகாலில் ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"தயீசாகிட்ட சொல்லுடி. பெத்த பொண்ணு, கூட வந்து இருக்கமாட்டாளா?" என்றேன்.

"எந்த வாயால சொல்றது? எப்பலேர்ந்து வலிக்குதுன்னு கேப்பா. அவ கெட்டிக்காரி, அன்னிக்குச் செருப்பு எதுக்குன்னு உடனே புரிஞ்சுக்குவா."

அந்த ஞாயிறு காலையிலிருந்து சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் நடந்தாள். வாசலில் மகள் குரல் கேட்டதும் சுவரிலிருந்து கையை எடுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, நொண்டாமல் நேராக நடந்து போய்க் கதவைத் திறந்தாள்.