ஜெனரேட்டருக்கு முன்னால் கட்ட ஒரு பழைய வண்டி

கரண்ட் இருக்கிறவரை ஜெனரேட்டர்காரனை யாரும் நினைப்பதில்லை. கரண்ட் போய்விட்டால் அவனைத் தவிர வேறு யாரையும் நினைப்பதில்லை. கல்யாணம், கோயில் கொடை, கூட்டம் என்று தென்காசி சுற்றுவட்டாரத்துக்கு விடிய விடிய வெளிச்சம் கொடுப்பது என் பிழைப்பு. ஊரே வெளிச்சத்தில் உட்கார்ந்து சாப்பிடும். நான் பந்தலுக்குப் பின்னால், சத்தத்துக்கும் புகைக்கும் பக்கத்தில் நிற்பேன். டீசல் இன்ஜினைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வேறு பேச்சுத்துணை இல்லாமல் ராத்திரி முழுக்க அதன் பேச்சையே கேட்டுக்கொண்டிருந்ததில் வந்த படிப்பு.

இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். ஜெனரேட்டர் இரண்டு சக்கர டிரெய்லரில் உட்கார்ந்திருக்கும். என் டிரெய்லருக்கென்று தனியாக பிரேக் கிடையாது. முன்னால் இழுக்கிற பிக்கப் நின்றால்தான் அதுவும் நிற்கும். இல்லாவிட்டால் பிக்கப்பையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போகும். என் பழைய பிக்கப் படுத்த பிறகு இன்னொரு பழைய வண்டி தேடி அலைந்த கதை இது. எதையாவது பின்னால் கட்டி இழுத்துப் பிழைக்கிற சக பாவிகளுக்கு என் பயம் புரியும்.

செல்வியின் கட்டை

சம்பளத்துக்கு ஆள் நிற்பதில்லை என்பதால் என்னோடு வேலைக்கு வருவது என் வீட்டுக்காரி செல்விதான். வண்டியில் ஏறினால் அவள் மடியில் ஒரு கருவேலங்கட்டை இருக்கும். மேட்டில் வண்டி நின்றுவிட்டால் குதித்து இறங்கி, டிரெய்லர் சக்கரத்துக்கு அடியில் அதைக் கொடுக்க வேண்டும். அது அவள் வேலை.

பண்பொழி மலையில் ஒரு கல்யாணம். பாதி மலையில், ஒரு வளைவில், பிக்கப் திணறி நின்றது. பிரேக்கை மிதித்தேன், பெடல் தரைவரை போனது. வண்டி மெல்லப் பின்னால் நகர ஆரம்பித்தது. கதவு திறக்கிற சத்தம் கேட்டது. கண்ணாடியில் செல்வி குனிவது தெரிந்தது. அப்புறம் அவளைக் காணோம். வண்டி நின்றது. இறங்கி ஓடினேன். கட்டையை டயர் கடித்துக்கொண்டு நிற்கிறது. கட்டைக்கும் டயருக்கும் நடுவில் அவள் முந்தானை. தரையில் உட்கார்ந்து அதை இழுத்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு என்ன செய்கிறேன் என்றே தெரியவில்லை, கட்டையை நகர்த்தக் குனிந்தேன். கத்தினாள்: "சேலை போனா போகுது, கட்டையில கைய வைக்காதிய!"

லோடு ஏற்றாத வண்டி

அதற்குப் பிறகு பகலில் தூங்கக் கண்ணை மூடினால் அந்த முந்தானைதான். ஆவணியில் அதே மலையில் இன்னொரு கல்யாணத்துக்கு ஒத்துக்கொண்டிருந்தேன். செல்விக்குச் சொந்தக்காரர்கள்; மாட்டேன் என்று சொல்ல முடியாது. அதற்குள் வண்டி வேண்டும், அதுவும் அவள் குதிக்க வேண்டியிராத வண்டி. புரோக்கர் இசக்கியைப் பிடித்தேன். "லோடே ஏத்தாத வண்டி ஒண்ணு கெடக்கு அண்ணாச்சி" என்று புளியங்குடிக்குக் கூட்டிப்போனான்.

கதவைத் திறந்ததும் எலுமிச்சை வாசம் முகத்தில் அடித்தது. அடியில் குனிந்து பார்த்தேன். பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டைகள் வளைவே இல்லாமல் ஸ்கேல் மாதிரி படுத்திருந்தன. போதாததற்குக் கூடுதல் பட்டை வேறு. லோடு ஏற்றாத வண்டிக்கு எதற்கு இத்தனை பட்டை என்று கேட்டேன். இசக்கி வண்டிக்காரரைப் பார்த்தான். அவர் கொஞ்சமும் அசரவில்லை. சீட்டுக்கு அடியில் உருண்டு கிடந்த ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்துச் சொன்னார்: "நீங்களே தூக்கிப் பாருங்க அண்ணாச்சி, இதெல்லாம் ஒரு லோடா?"

இழுவையைப் பாருங்க

அடுத்த வண்டிக்காக ஆலங்குளத்துக்கு விடிந்ததும் போய் நின்றோம். பழைய டீசல் வண்டியை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் பார்க்க வேண்டும்; முதல் ஸ்டார்ட்டில்தான் அதன் நோய் வெளியே வரும். பானட்டில் கை வைத்தேன். தோசைக்கல். "இப்பதான் பால் வாங்கப் போயிட்டு வந்தேன்" என்றார் வண்டிக்காரர். பால் பாக்கெட் வாங்கப் பிக்கப்பில் போகிற மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

இழுவையைப் பாருங்க என்று, செங்கல் ஏற்றி நின்ற ஒரு டிராக்டர் டிரெய்லரைப் பின்னால் மாட்டி மேட்டில் ஏற்றிக் காட்டினார். வேடிக்கை பார்த்தவர்கள் விசிலடித்தார்கள். இசக்கி தானே இழுத்த மாதிரி பூரித்துப் போனான். "ஏறினது சரி, அதே டிரெய்லரோட இறக்கத்துல ஒரு தடவை வந்து நிறுத்திக் காட்டுங்க" என்றேன். விசில் நின்றது. எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். வண்டிக்காரர் இசக்கி பக்கம் திரும்பி, எனக்கும் கேட்கும்படியே சொன்னார்: "இறக்கத்துல பாக்கதுக்கு என்னடே இருக்கு, எல்லா வண்டியும் தானா போகுமுல்லா!"

புதுப் பெயிண்ட்

செங்கோட்டையில் பார்த்த வண்டியில் எல்லாம் சரியாக இருந்தது. அதுவே எனக்குப் பயத்தைக் கொடுத்தது. டிரெய்லரை மாட்டுகிற கொக்கியில் மட்டும் பளபளவென்று புதுக் கறுப்புப் பெயிண்ட். மற்ற இடமெல்லாம் பழைய பெயிண்ட். வீட்டுச் சாவியால் லேசாகச் சுரண்டினேன். வெல்டிங் ஓரத்தில் தலைமுடி மாதிரி ஒரு விரிசல். அது எந்த வளைவில் விட்டுப்போகும் என்பதும் எனக்குத் தெரிந்தது, அப்போது சக்கரத்துக்குப் பின்னால் குனிந்திருப்பது யார் என்பதும் தெரிந்தது. வண்டிக்காரர் பாதி மலையாளம் பேசுகிறவர். கோபப்படவே இல்லை. சாவியை என் கையிலிருந்து வாங்கித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். "பெயிண்ட் அடிச்சது ஞான், விரிசல் விட்டது வண்டி. என்னோட குத்தத்தை மட்டும் சொல்லுங்க சேட்டா!"

இழுக்காத வண்டி

திரும்பும்போது குற்றாலத்தில் நல்ல சாரல். அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு, கையில் பஜ்ஜியோடு ஜனங்கள் போகிறார்கள். நான் பஸ் ஜன்னலில் உட்கார்ந்து, முன்னால் போகிற கார்களின் பிரேக் லைட் ஒழுங்காக எரிகிறதா என்று பார்த்துக்கொண்டு வந்தேன். இப்படி ஆகிவிட்டது பிழைப்பு.

"அது வேண்டாம் அண்ணாச்சி, இழுக்காது" என்று இசக்கியே ஒதுக்கிவைத்த வண்டி ஒன்று சிவகிரியில் இருந்தது. மிலிட்டரியில் இருந்து ஓய்வுபெற்றவர், தோப்புக்குத் தண்ணீர் டேங்க் இழுக்க வைத்திருந்தார். போனில் பேசினேன். "இழுவை கொஞ்சம் கம்மிதான். அவசரக்காரனுக்கு ஆகாது. நானே தென்காசிக்குக் கொண்டு வாரேன், உங்க ஜெனரேட்டரைக் கட்டிப் பாத்துட்டுப் பேசுங்க" என்றார். அதுவரை யாரும் கட்டிப் பாருங்கள் என்று சொன்னதில்லை.

அவர் கொண்டுவந்த வண்டியில் ஜெனரேட்டரைக் கட்டினோம். அவர் நடுவில், நான் ஸ்டியரிங்கில், நடுவில் கட்டையோடு உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்த செல்வி கதவோரத்தில் என்று இடம் மாறி உட்கார்ந்து பண்பொழி மலை ஏறினோம். நொண்டி மாடு மாதிரி ஏறியது. இறங்கும்போது, சரியாக அந்த வளைவுக்கு வந்ததும், "இப்ப நிறுத்துங்க" என்றார். மிதித்தேன். டிரெய்லர் பின்னாலிருந்து ஒரு இடி இடித்தது. வண்டி நின்றது, அப்புறம் ஒரு விரல் அளவுகூட நகரவில்லை. அதற்குள் கதவு திறந்திருந்தது. செல்வியின் ஒரு கால் வெளியே. "இறங்காதீங்கம்மா, வண்டி நிக்குது" என்றார் அவர். அவள் காலை உள்ளே எடுக்காமலே சொன்னாள்: "அது உங்களுக்குத் தெரியும் சார், எங்காலுக்குத் தெரியாதுல்லா."

ஆவணிக் கல்யாணம்

அந்த வண்டியைத்தான் வாங்கினேன். கல்யாணத்துக்கு மலை ஏறும்போது மாப்பிள்ளை வீட்டு வேன் எங்கள் பின்னால் மாட்டிக்கொண்டு ஹாரனை அலறவிட்டது. "ஏலே, ஜெனரேட்டரு கொண்டு போறியளா, தேர் இழுக்கியளா?" என்று எவனோ கத்தினான். தாலி கட்டுகிறவரை கரண்டைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை; கவலை முழுக்க எனக்கு இறக்கத்தில் இருந்தது.

காலையில் பந்தி முடிந்து இறங்கினோம். அதே வளைவு. நடு ரோட்டில் ஒரு குரங்கு குட்டியோடு உட்கார்ந்திருந்தது. மிதித்தேன். இடித்தது, நின்றது. பக்கத்துக் கதவு திறக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். செல்வி ஜன்னலில் தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டை மடியில் இருந்தது. கை அதன் மேல் இல்லை. இத்தனை வருஷத்தில் இறக்கத்தில் அவள் தூங்கிப் பார்த்ததில்லை. எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும், இல்லை. நின்ற வண்டிக்குள் தனியாக உட்கார முடியாமல் அவள் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டேன். பதறி எழுந்து கட்டையைப் பிடித்தவள், குரங்கைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள். "வண்டி நின்னுட்டா?" என்றாள். "நின்னுட்டு" என்றேன். "பின்ன எதுக்கு என்னை எழுப்புனிய?"

இழுவை குறைந்த அந்த வண்டி வந்ததிலிருந்து செல்வி இறக்கத்தில் நன்றாகத் தூங்குகிறாள். அவளுடைய பங்கு பயத்தையும் சேர்த்து நான் ஒருவனே பட்டுக்கொண்டு வருகிறேன்.